பிள்ளைத் துணி பின்னி தர்மத்துக்கு விக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவுல, பினாங்குல நாங்க கொஞ்சம் பேர் கோவில் மண்டபத்துல உக்காந்து பிள்ளைத் துணி பின்னி வித்து, வர்ற காச பிள்ளைங்க இல்லத்துக்குக் குடுக்குறோம். புதுசா சேர்றவங்க, வாங்க வர்றவங்க, தள்ளி நின்னு பாத்துட்டு "எங்க தாமான்லயும் (குடியிருப்புலயும்) இத மாதிரி ஆரம்பிக்கலாமா"ன்னு கேக்குறவங்க, எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகம்தான். வாட்சாப்ல ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் மெசேஜ் போட்டுப் போட்டு தொண்டை வத்திப்போச்சு, அதான் மொத்தமா எழுதிட்டேன். கேட்டவங்க எப்படி கேட்டாங்களோ அப்படியே கேள்விய போட்டிருக்கேன்.

1. அக்கா, எனக்கு ரெண்டு ஊசி பின்னல் வராது, குரோஷா மட்டும்தான் தெரியும். சேந்துக்கலாமா?

தாராளமா. வாங்குறவங்கள்ல முக்காவாசி பேருக்கு ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. பூட்டீஸ் (பிள்ளைக்குப் பின்னுற குட்டி காலுறை), ஹெட்பேண்ட், போர்வை எல்லாம் குரோஷால, அதாவது ஒத்தைக் கொக்கி ஊசியில, சீக்கிரமா முடியும். இழுத்தா நீண்டு விட்டா சுருங்கணும்ங்கற இடம், அதாவது தொப்பி ஓரம், சட்டைக் கை நுனி, அதுக்கு மட்டும் ரெண்டு ஊசி ரிப்பிங்தான் சரியா வரும்.

ஊசியே பிடிக்கத் தெரியாதவங்களும் வரலாம். நூல் நுனிய உள்ள தச்சு மறைக்கறது, துவைக்கறது, பேக் பண்றது, கணக்கு எழுதறது, இதுக்கெல்லாம் ஆள் பத்தவே பத்தாது.

2. இந்த ஊரு வெயில்ல யாருக்கா பிள்ளைக்கு கம்பளி சட்டை போடுவாங்க?

கம்பளி சட்டை யாரும் போட மாட்டாங்க, நாங்களும் பின்றதில்ல. பகல்ல 32, 33 டிகிரி போற ஊருல வெளிநாட்டு பேட்டர்ன பாத்து அப்படியே தடிமனா கார்டிகன் பின்னி வச்சா அது அலமாரியிலதான் தூங்கும். நல்லா போறது பூட்டீஸ், மெல்லிசு தொப்பி, கையில்லாத வெஸ்ட், ஏர்கான் ரூமுக்கு ஏத்த ஓட்டை ஓட்டையா உள்ள காட்டன் போர்வை. பிறந்த பிள்ளைய போட்டோ எடுக்குறதுக்குன்னு தொப்பி, பேண்ட் செட்டா கேக்குறவங்க இப்ப நெறைய பேர்.

முழுக்கை ஸ்வெட்டர் ஒன்னு ரெண்டு வச்சிருப்போம். கேமரன் மலை, கெந்திங் போறவங்க வாங்குவாங்க, இல்லன்னா லண்டன்ல, ஆஸ்திரேலியால மகளுக்கு பிள்ளை பிறந்திருக்குன்னு ஒரு பாட்டி வந்து நிப்பாங்க. ஆர்டர் வந்தா பின்னலாம், முன்கூட்டியே பின்னி குவிக்காதீங்க.

3. நூல் கடையில போனா தலை சுத்துது, எத வாங்குறது?

மில்க் காட்டன்ங்கற கலப்பு நூல்ல ஆரம்பிங்க. இங்க எல்லா நூல் கடையிலயும் கிடைக்கும், 50 கிராம் கண்டு, விலையும் சில வெள்ளிதான் (ரிங்கிட்), தொட்டா மெத்துன்னு இருக்கும், கலரும் நெறைய. சுத்தமான காட்டனும் நல்லதுதான், ஆனா அதுல இழுவை இல்ல, தொப்பி ஒரு தடவ விரிஞ்சா விரிஞ்சதுதான். ஆக்ரிலிக் விலை கொறைச்சல், வேர்வைய உறிஞ்சாது, பிள்ளைக்கு கசகசன்னு இருக்கும். ஆடம்பரமா மினுங்குற நூல், முடி முடியா நிக்குற நூல் ரெண்டும் பிள்ளைக்கு வேணவே வேணாம், பிள்ளை அத பிடுங்கி வாயில வைக்கும்.

ஒரு கணக்கு சொல்றேன், கண்டு வாங்க உதவும். பிறந்த பிள்ளை பூட்டீஸ் ஒரு ஜோடிக்கு 15, 20 கிராம், தொப்பிக்கு 25 கிராம் கிட்ட, வெஸ்ட்டுக்கு 60லேருந்து 80 கிராம், போர்வைன்னா 300 கிராம தாண்டிடும். போர்வைக்கு வாங்கும்போது ஒரே டை லாட்ல, அதாவது ஒரே தடவையில சாயம் போட்ட நூலா, மொத்தமா வாங்கிடுங்க. கண்டு மேல ஒட்டியிருக்கற பேப்பர்ல லாட் நம்பர் இருக்கும், அது மாறினா பாதிப் போர்வை ஒரு மஞ்சள், மீதி வேற மஞ்சள்.

4. வீட்ல சின்ன பிள்ளையே இல்ல, சைஸ் எப்படி தெரியும்?

மாசம் முடிஞ்சு பிறந்த பிள்ளை தலை சுத்தளவு சுமாரா 35 சென்டிமீட்டர். தொப்பி கொஞ்சம் பிடிச்சு நிக்கணும், அதனால பின்னி முடிச்ச அளவு 31, 32 இருந்தா சரி, இழுவை இல்லாத காட்டன்னா 33 வச்சுக்குங்க. 3லேருந்து 6 மாசத்துக்கு தலை 40, 43ன்னு போகும். பூட்டீஸ் உள்ளங்கால் பிறந்த பிள்ளைக்கு 9, அடுத்த சைஸுக்கு 10லேருந்து 11.

பிறந்த பிள்ளை சைஸ்லயே எல்லாரும் பின்றோம், ஏன்னா சீக்கிரம் முடியுது, பாக்க அழகா இருக்கு. ஆனா அந்த சைஸ் பிள்ளைக்கு கொஞ்ச நாள்தான் பத்தும். பரிசு வாங்குறவங்க விவரமானவங்களா இருந்தா 3-6 மாச சைஸ்தான் கேப்பாங்க, அதுதான் எங்ககிட்ட எப்பவும் தீர்ந்துபோயிருக்கும். டேக்ல "நியூபோர்ன்"னு மட்டும் எழுதாம சென்டிமீட்டரும் எழுதுங்க.

5. பட்டன், முத்து, ரிப்பன் வச்சா எவ்ளோ அழகா இருக்கும், ஏன் வேணாங்கறீங்க?

பிள்ளைக்கு எது கிடைச்சாலும் வாய்க்குத்தான் போகும். 3 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க பொம்மைய சோதிக்க ஒரு சின்ன குழாய் வச்சிருக்காங்க, அகலம் ஏறக்குறைய 3.2 சென்டிமீட்டர், அதுக்குள்ள முழுசா அடங்குற எந்த சாமானும் தொண்டையில சிக்கும்னு கணக்கு. நம்ம பட்டன், முத்து, குட்டி பூ எல்லாம் அதுக்குள்ள ஈசியா போயிடும். எவ்ளோ இறுக்கி தச்சாலும் வாஷிங் மெஷின்ல பல தடவ சுத்தினா தளர்ந்துடும், அந்த நேரத்துல நாம பக்கத்துல இருக்கப்போறதில்ல.

கழுத்துல கட்டுற கயிறு, தொப்பியில தாடைக்குக் கீழ முடிச்சு போடுற ரிப்பன், இதுவும் கூடாது. ஐரோப்பாவுல 7 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க துணிக்கு தலை, கழுத்துப் பக்கம் கயிறே கூடாதுன்னு தரவிதி இருக்கு. அழகு வேணும்னா நூல்லயே டிசைன் போடுங்க, கோடு போடுங்க, எம்பிராய்டரி பண்ணுங்க. தோள்ல திறக்குற மாதிரி பண்ணி பட்டன் இல்லாம ஒன்னு மேல ஒன்னு மடிச்சு வர்ற கழுத்து வச்சா, அம்மாக்களும் மாத்திவிட ஈசின்னு சொல்றாங்க.

6. கையுறை ஜோடிய ஏன் உள்பக்கம் திருப்பிப் பாக்குறீங்க? வெளிய நல்லாதானே இருக்கு?

இத மட்டும் எல்லாரும் நின்னு படிங்க. கையுறை, பூட்டீஸ் உள்ள ஒரு நூல் தொங்கிட்டிருந்தா, பிள்ளை கைய கால ஆட்ட ஆட்ட அந்த நூல் விரல்ல சுத்திக்கும். சுத்தி இறுகிட்டா ரத்த ஓட்டம் நின்னு விரல் வீங்கி செவந்து, கவனிக்காம விட்டா விரலே போற அளவுக்கு போகும். தலைமுடி சுத்தியும் இப்படி ஆகறதுண்டு, டாக்டருங்களுக்கு தெரிஞ்ச விஷயம்தான். பிள்ளை ஏன் அழுதுன்னே தெரியாம வீடே பால், வயித்துவலி, திருஷ்டின்னு சுத்திக்கிட்டிருக்கும், காரணம் கையுறைக்குள்ள இருக்கும்.

அதனால நூல் நுனிய நல்லா நீளமா விட்டு, ஒரு பக்கம் தச்சு, திரும்ப எதிர்ப்பக்கம் தச்சு, அப்புறம்தான் வெட்டணும். காட்டன் வழுக்கும், ஒரு பக்கம் மட்டும் தச்சா ரெண்டு துவையல்ல வெளிய வந்துடும். உள்பக்கம் கலர் மாத்துற பின்னல்ல குறுக்கே ஓடுற நீள நூலும் கூடாது, அதனால கையுறை ஒரே கலர்தான். நான் திருப்பி என் சுண்டுவிரல விட்டு சுத்திப் பாப்பேன், ஏதாவது சிக்கினா திரும்பி உங்ககிட்டயே வரும், கோவிச்சுக்காதீங்க. வாங்குறவங்களுக்கும் ஒரு வரி எழுதி வைக்குறோம்: போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் உள்ள திருப்பிப் பாருங்க.

7. தொப்பி போட்டே பிள்ளைய தூங்க வைக்கலாமான்னு கேட்டா என்ன சொல்றது?

வேணாம்னு சொல்லுங்க. பிள்ளை உடம்பு சூடு தலை வழியாத்தான் நெறைய வெளிய போகும், தொப்பி மூஞ்சி மேல நழுவியும் வரலாம். வீட்டுக்குள்ள தூங்கும்போது தொப்பி வேணாம்னு அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கம் 2022ல வெளியிட்ட அறிவுரையிலயே இருக்கு. போர்வையும் அப்படித்தான், 1 வயசு வரைக்கும் தொட்டில்ல தளர்வா எதுவும் கிடக்கக்கூடாது. தூக்கி வச்சிருக்கும்போது, ஸ்ட்ரோலர்ல கண்ணு முன்னாடி இருக்கும்போது போத்தலாம். விக்கணும்ங்கறதுக்காக "தூங்கும்போது போடுங்க நல்லாருக்கும்"னு யாரும் சொல்லிடாதீங்க.

8. பின்னி முடிச்சத விக்கிற வரைக்கும் எப்படி வைக்கறது? பாச்சை உருண்டை போட்டு வைக்கவா?

பாச்சை உருண்டை போடவே கூடாது. ஜி6பிடி குறைபாடுன்னு ஒன்னு இருக்கு, நம்ம நாட்டுல பிள்ளை பிறந்த உடனே தொப்புள்கொடி ரத்தத்துல அத டெஸ்ட் பண்ணுவாங்க, பிரசவம் பாத்த எல்லா அம்மாவுக்கும் தெரியும். அந்தக் குறை உள்ள பிள்ளைக்கு நாப்தலின் உருண்டை வாசம் பட்ட துணி போட்டா ரத்த செவப்பணு உடைஞ்சு மஞ்சள் காமாலை ஏறிடும், மூளைய பாதிக்கிற அளவுக்கும் போகலாம். வாங்குற பிள்ளைக்கு அந்தக் குறை இருக்கா இல்லையா நமக்குத் தெரியாது, அதனால பீரோவுல ஏற்கனவே உருண்டை இருந்தா அந்த பீரோவுலயே வைக்காதீங்க, நூலயும்தான்.

மூடி இறுக்கமா உள்ள பிளாஸ்டிக் டப்பா வாங்குங்க, ஓரத்துல சிலிக்கா ஜெல் பாக்கெட், விக்கும்போது அத எண்ணி வெளிய எடுத்துடணும். நம்ம ஊரு ஈரத்துக்கு டப்பா இல்லாம வச்சா ஒரு மழைக்காலத்துல கரும்புள்ளி வந்துடும். பாண்டான் இலை போட்டா கரப்பான் வராதுன்னு சொல்வாங்க, வாசமாத்தான் இருக்கும், ஆனா இலை அழுகி துணியில கறை பிடிக்கும்.

இன்னொன்னு வாசம். நூல் சாம்பிராணி, சிகரெட், பெலாச்சான் (இறால் விழுது) வறுத்த வாசம் எல்லாத்தயும் உறிஞ்சி வச்சுக்கும், பின்றவங்களுக்கு மூக்கு பழகிடும், வாங்குறவங்களுக்கு பைய திறந்த உடனே தெரியும். எல்லாத்தயும் வாசனை இல்லாத சோப்புல, வலைப் பையில போட்டு துவைச்சு, நல்லா காஞ்சப்புறம்தான் பேக்கிங்.

9. என்ன கலர் போகும்?

பிள்ளைக்கு கருப்பு நம்மாளுங்க வாங்க மாட்டாங்க. சீனவங்க பிள்ளைக்கு ஒரு மாசம் நிறையற விசேஷத்துக்கு வாங்குனா செவப்பு, ரோஸ், தங்க மஞ்சள், வெள்ளையும் நீலமும் பெரியவங்களுக்கு பிடிக்காது, துக்கத்து கலர்னு பாப்பாங்க. மலாய்க்காரங்க செட்டா ஹாம்பர்ல (பரிசுக் கூடையில) வைக்க வாங்குவாங்க, மெல்லிய பச்சை, பழுப்பு, கிரீம் நல்லா போகும். பையனா பொண்ணான்னு தெரியாம வாங்குறவங்கதான் அதிகம், மஞ்சள் எப்பவும் கையில இருக்கட்டும்.

10. விலை எப்படி போடறது? நாம பின்ற நேரத்துக்கு காசு போட்டா யாரும் வாங்க மாட்டாங்களே?

நேரத்துக்கு போட வேணாம், அதத்தான் நாம தர்மமா குடுக்குறோம். ஆனா நூல், பை, டேக், சோப்பு, தபால் செலவு எல்லாம் விலைக்குள்ள வந்துடணும், அதுக்கு மேல நிக்கிறதுதான் இல்லத்துக்குப் போற காசு. நாங்க பூட்டீஸ் 15 வெள்ளி, தொப்பி 20, ரெண்டும் சேந்த செட் 32 போடுறோம். சூப்பர்மார்க்கெட்ல 3 ஜோடி ஸ்டாக்கிங் பத்து வெள்ளிக்கு கிடைக்குதேன்னு யாராவது சொல்வாங்க, கிடைக்குது, அது வேணும்னா அங்கயே வாங்கட்டும், அந்த விலைக்கு இறங்கினா நூல் காசுதான் மிஞ்சும்.

தர்மம்னு சொல்லி விலைய ஏத்தறதும் தப்பு. பாவம் பாத்து ஒரு தடவ வாங்குவாங்க, அடுத்த தடவ நம்ம ஸ்டால பாத்தா அந்தப் பக்க ரோட்டுக்கு போயிடுவாங்க. பிள்ளைக்குப் போட்டுப் பாத்து நல்லாருக்குன்னு திரும்ப வர்றவங்கதான் நம்மள நடத்துறாங்க. இல்லத்துப் பிள்ளைங்க போட்டோவ போஸ்டர்ல போட்டு விக்கலாம்னு ஒரு தம்பி சொன்னாரு, அதுக்கு மட்டும் நான் உயிரோட இருக்கற வரைக்கும் ஒத்துக்க மாட்டேன்.

ஆன்லைன்ல போடும்போது முழு விலையையும் போட்டுடுங்க. "விலைக்கு பிஎம்"னு, அதாவது விலைய தனி மெசேஜ்ல கேளுங்கன்னு எழுதறது நம்ம நாட்டு பயனீட்டாளர் சட்டப்படி தப்பு.

11. எங்க விக்கலாம்? வீடு வீடா போகலாமா?

வீடு வீடா போய், ரோட்டுல, பொது இடத்துல நின்னு தர்மத்துக்குன்னு காசு வாங்கறதுக்கு 1947ஆம் வருஷத்து சட்டம் ஒன்னு இருக்கு, போலீஸ் லைசென்ஸ் எடுக்கணும். சும்மா வாங்கல, பூட்டீஸ் குடுத்துத்தான் வாங்குறோம்னு சொல்லி தப்பிக்க முடியாது, பொருளுக்கு வாங்குனாலும் அது வசூல்தான். பசார் மாலாம்னா (ராத்திரி சந்தை) நகராட்சி லைசென்ஸ் உள்ள இடத்துல. கோவில் மண்டபம், பள்ளிக்கூட கேன்டீன் நாள், கம்பெனி லாபின்னா அந்த நிர்வாகத்துகிட்ட எழுத்துல அனுமதி வாங்கிக்குங்க.

ஜார்ஜ்டவுன்ல ஹின் பஸ் டிப்போ ஞாயித்துக்கிழமை சந்தைக்கு கைவினை சாமான் தேடியே ஆளுங்க வருவாங்க, விண்ணப்பம் போட்டுப் பாருங்க. லிட்டில் இந்தியா தீபாவளி சீசன்ல கூட்டம் இருக்கும், ஆனா எல்லாரும் புடவை, முறுக்கு வாங்கற அவசரத்துல இருப்பாங்க. தைப்பூசத்துக்கு தண்ணீர்மலையில ஸ்டால் போடலாமான்னு வருஷா வருஷம் ஒருத்தர் கேப்பாங்க. வேணாம்லா. வேர்வைக் கையோட தண்ணீர்ப்பந்தல்ல மோர் குடிச்சிட்டு வர்றவங்க கிரீம் கலர் தொப்பிய தொட்டுப் பாத்துட்டு போறதுக்கா?

12. எஸ்எஸ்எம்ல பதியணுமா?

எஸ்எஸ்எம்னா நம்ம நாட்டுல கம்பெனி, வியாபாரம் பதியற ஆணையம். லாபத்துக்கு வியாபாரம் பண்ணா 1956 வணிகப் பதிவுச் சட்டப்படி ஆரம்பிச்ச 30 நாளுக்குள்ள பதியணும், சொந்தப் பேருன்னா வருஷத்துக்கு 30 வெள்ளி, கடைப் பேருன்னா 60. அந்தச் சட்டம் வியாபாரம்னு சொல்றதுல தர்மப் பணி சேராது. வர்ற லாபம் முழுசும் இல்லத்துக்குப் போகுதுன்னா நீங்க தர்மப் பக்கம், ஒரு பகுதி உங்க கைக்கு வருதுன்னா வியாபாரப் பக்கம். ரெண்டுங்கெட்டானா இருந்தா கவுண்டர்ல போய் கேட்டுடுங்க. ஆளு சேந்து, கமிட்டி வச்சு, பேரு வச்சு வசூல் பண்ற அளவுக்கு வந்துட்டா சங்கப் பதிவு, அது 1966 சட்டம், ஆர்ஓஎஸ் (சங்கப் பதிவு அலுவலகம்) வேலை. அதுக்கு முன்னாடி ஏற்கனவே பதிஞ்ச ஒரு சங்கத்துக்கு கீழ, அவங்க சம்மதத்தோட செய்யறது நல்லது, நாங்க அப்படித்தான்.

13. காசு யாரு அக்கவுண்டுக்கு வரணும்? என் போன்ல இருக்கற டச் அண்ட் கோ இ-வாலட் போதாதா?

போதாது. உங்க நேர்மைய யாரும் சந்தேகப்படல, ஆனா உங்க சொந்த அக்கவுண்ட்ல வந்துட்டா மளிகைக் காசும் பூட்டீஸ் காசும் கலந்துடும், அப்புறம் யாராவது கேட்டா காட்ட முடியாது. 12ல சொன்ன சங்கத்து அக்கவுண்ட் கியூஆர ஸ்டால்ல ஒட்டுங்க. ரொக்கமா வந்தத அன்னைக்கே ரெண்டு பேரு எண்ணி, ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு, அடுத்த வேலை நாள்ல பேங்க்ல போட்டுடணும்.

நோட்டுல நாலு கட்டம் போதும்: என்ன வித்தது, எவ்ளோ வந்தது, நூலுக்கு எவ்ளோ போனது, இல்லத்துக்கு எவ்ளோ குடுத்தது. இல்லத்துக்காரங்க குடுத்த ரசீத போட்டோ எடுத்து குரூப்ல போட்டுடுங்க. "முழு காசும் தர்மத்துக்கு"ன்னு எழுதாதீங்க, "செலவு போக மீதி முழுசும்"னு எழுதுங்க, அதுதான் உண்மை.

14. வரி விலக்கு ரசீது குடுங்கன்னு கேக்குறாங்களே?

குடுக்க முடியாது. வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவுல எல்எச்டிஎன் (வருமான வரி வாரியம்) அங்கீகாரம் வாங்கின அமைப்புதான் அந்த ரசீது குடுக்கலாம், அதுவும் நன்கொடைக்கு. நம்மகிட்ட அவங்க தொப்பி வாங்கியிருக்காங்க, அது கொள்முதல். விலக்கு வேணும்னா, அந்த அங்கீகாரம் உள்ள இல்லத்துக்கு நேரா காசு போடச் சொல்லுங்க, மரியாதையா சொன்னா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

15. யூடியூப்ல பாத்து பின்னத விக்கலாமா? ஹலோ கிட்டி தொப்பி கேக்குறாங்க.

சாதாரண பூட்டீஸ், ரிப் தொப்பி யாருக்கும் சொந்தமில்ல. ஆனா ஒருத்தர் எழுதின பேட்டர்ன்ல "சொந்த உபயோகத்துக்கு மட்டும்"னு போட்டிருந்தா அவங்ககிட்ட ஒரு மெசேஜ் போட்டு கேளுங்க, தர்மத்துக்குன்னு சொன்னா நெறைய பேரு சரின்னுடுவாங்க. பேட்டர்ன பிரிண்ட் எடுத்து எல்லாருக்கும் பங்கு போடறது வேற விஷயம், அது கூடாது. ஹலோ கிட்டி, உபின் இபின் மாதிரி உருவம் கம்பெனிக்காரங்க சொத்து, தர்மம்னாலும் விக்கக்கூடாது. பூனைக் காது வச்ச தொப்பி பின்னிக் குடுங்க, பூனைக்கு யாரும் காப்பிரைட் வாங்கல.

16. விக்கற தலைவலியே வேணாம், நேரா ஆஸ்பத்திரிக்கு குடுத்துட்டா என்ன?

குடுக்கலாம், ஆனா மூட்டை கட்டிக்கிட்டு வாசல்ல போய் நிக்காதீங்க. முதல்ல வார்டு சிஸ்டர்கிட்ட போன்ல கேளுங்க, என்ன சைஸ், என்ன நூல், வேணுமா வேணாமான்னு. மாசம் குறைஞ்சு பிறந்த பிள்ளைங்க தலை ரொம்ப சின்னது, 28 வாரத்துல பிறந்ததுக்கு 26 சென்டிமீட்டர்தான் இருக்கும், 4ல உள்ள அளவு அங்க ஆகாது. சூடான தண்ணியில துவைச்சாலும் தாங்குற காட்டன் மட்டும்தான் வாங்குவாங்க. சில வார்டுல தொற்று பயத்துனால வெளித்துணியே எடுக்க மாட்டாங்க, அவங்க சொன்னா சரின்னு வந்துடணும்.

17. நம்ம குரூப்ல ஒரு ஆண்ட்டி பின்றது சரியாவே இல்ல, எப்படி சொல்றது? பெரியவங்களாச்சே.

இது கஷ்டமான கேள்விதான். எல்லாத்துக்கும் ஒரே அளவுகோல் இருந்தா ஆளப் பாத்து சொல்ற மாதிரி இருக்காது: அளவு நாடா வச்சு பாக்கறது, 6ல சொன்ன விரல் சோதனை, ஜோடியில ரெண்டும் ஒரே நீளமா. ரெண்டு பேரு பாத்து, தேறாதத தனிக் கூடையில போடுவோம், என்னோடதும் அந்தக் கூடையில விழும். பிரிச்சுப் பின்ன முடிஞ்சா பிரிப்போம். இல்லன்னா அவங்கள சதுரம் பின்னச் சொல்லுங்க, நேரா பின்னின சதுரத்த ஒன்னா தச்சா போர்வை ஆயிடும், ஓரம் கோணல இன்னொருத்தர் குரோஷால சரி பண்ணிடலாம். "ஆண்ட்டி, போர்வைக்கு ஆள் பத்தல"ன்னு சொல்லுங்க, அது பொய்யும் இல்ல.

18. தர்மம்தானே, கொஞ்சம் கொறைச்சுக் குடுங்கன்னா?

சிரிச்சுக்கிட்டே, "விலை கமிட்டி போட்டதுங்க, நான் மாத்த முடியாது"ன்னு சொல்லிடுங்க. ரெண்டு செட்டுக்கு மேல வாங்குனா பை இலவசம், அவ்ளோதான்.

19. எங்க குரூப்ல பின்ற அக்கா ஒருத்தங்க புருஷன் இல்லாம கஷ்டப்படுறாங்க. அவங்களுக்கு கூலி குடுத்தா தர்மம்னு சொல்லி விக்கலாமா?

குடுக்கலாம், குடுக்கணும்னு கூட சொல்வேன். கஷ்டத்துல இருக்கறவங்கள சும்மா பின்ன வச்சு இன்னொருத்தருக்கு தர்மம் பண்றதுல என்ன நியாயம் இருக்கு? ஆனா மறைக்கக்கூடாது. அவங்க பின்னினத தனியா வச்சு, நோட்டுல தனிப் பக்கம் போட்டு, கூலிய அவங்க கையில குடுத்த உடனே கையெழுத்து வாங்கிடுங்க. 12ல சொன்ன தர்மமா வியாபாரமாங்கற கோடு இங்க வந்துடும், அது அவங்களுக்கு வருமானம், அடிக்கடி பண்றதா இருந்தா அவங்க பேர்ல எஸ்எஸ்எம்ல பதிய நீங்களே கூட்டிட்டுப் போங்க, 30 வெள்ளிய குரூப் போடட்டும்.

அந்தத் துணிக்கு டேக் வேற. எங்களோடதுல இப்படி இருக்கு: "இதைப் பின்னியவருக்கு 8 வெள்ளி கூலி. நூல் செலவு போக மீதி பிள்ளைகள் இல்லத்துக்கு." பேரு போட மாட்டோம், வாங்குறவங்க யாருன்னு கேட்டாலும் சொல்ல மாட்டோம்.